ஒற்றுப் பிழை: அச்சுக்கு அனுப்பும் முன் எங்கே பார்ப்பது?

கும்பகோணத்தில் டிடிபி (கணினி அச்சுக்கோப்பு) கடை நடத்துபவனின் மேசைக்குக் காதணி விழாவும் வரும், கண்ணீர் அஞ்சலியும் வரும். கும்பாபிஷேகமும் ஆர்ப்பாட்டமும் ஒரே நாளில் வரும். தாள் எதுவானாலும் கோளாறு ஒன்றுதான்: ஒற்று, அதாவது இரண்டு சொல் சேரும் இடத்தில் நிற்கும் க், ச், த், ப் என்ற புள்ளி எழுத்து. வர வேண்டிய இடத்தில் வராது, வரக்கூடாத இடத்தில் வந்து நிற்கும். வாடிக்கையாளர் அதை ஃபிளெக்ஸ் கட்டிய பிறகுதான் கவனிப்பார். அவர் கவனிக்காவிட்டாலும், பந்தியில் உட்கார்ந்திருக்கும் தமிழாசிரியர் மாமா கவனிப்பார்.

இலக்கணப் பாடம் இதில் இல்லை. கண்ணில் படும் கோளாறு எது, அதற்கு முதலில் எதைச் சந்தேகிப்பது, எந்தக் கட்டத்தில் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவது, அவ்வளவுதான்.

தொடங்கும் முன் ஒன்று. இரண்டு சொல் சேரும் இடத்தில் ஒற்று மிகுவது, அதாவது கூடுதலாக வந்து சேர்வது, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மட்டும்தான். வேறு எழுத்தில் தொடங்கினால், முந்தைய சொல்லின் கடைசியில் க், ச், த், ப் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகலாம். அழைப்பிதழை முழுவதும் படிக்காதீர்கள். படித்தால் பொருளில் மனம் போய்விடும், பிழை தப்பித்துவிடும். இந்த நான்கு வரிசையில் தொடங்கும் சொற்களை மட்டும் பென்சிலால் கோடிட்டு, அதற்கு முந்தைய சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள்.

## ஒற்று இருக்கிறது, அடுத்த எழுத்தோடு பொருந்தவில்லை

"இவ்விழாவிற்குத் முன்னிலை வகித்து", "திருமணத்திற்குக் தங்கள் வருகையை" என்று இருக்கும். ஒற்றும் அடுத்த சொல்லின் முதல் எழுத்தும் ஒரே வரிசையில் இல்லை. எல்லாக் கோளாறுகளிலும் இதைக் கண்டுபிடிப்பதுதான் சுலபம், எந்த விதியும் தெரிய வேண்டாம்.

முதலில் சந்தேகிக்க வேண்டியது பழைய கோப்பு. போன தை மாதம் அடித்த அழைப்பிதழைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, இரண்டு சொல்லை இடம் மாற்றி அடிப்பதுதான் எல்லாக் கடையிலும் நடக்கிற வேலை. "விழாவிற்குத் தலைமை தாங்கி" என்று இருந்ததில் "தலைமை தாங்கி"யை எடுத்துவிட்டு "முன்னிலை வகித்து" என்று போட்டால், பழைய த் அங்கேயே தங்கிவிடும். இலக்கணம் தெரியாததால் வருவதைவிட இப்படி வரும் ஒற்றுப் பிழைதான் எங்கள் கடையில் அதிகம். அதனால் ஒரு சொல்லை மாற்றினால், அதற்கு முந்தைய சொல்லையும் சேர்த்து அழித்துவிட்டுப் புதிதாக அடிப்பது நல்லது. விசையை இன்னும் சில முறை தட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான் செலவு.

அது இல்லையென்றால் வரி உடையும் இடத்தைப் பாருங்கள். ஃபிளெக்ஸில் எழுத்தைப் பெரிதாக்கும்போது "அந்தக் கோயில்" இரண்டு வரியாக உடையும். சிலர் மேல்வரியில் "அந்த" என்று விட்டுவிட்டுக் கீழ்வரியை "க்கோயில்" என்று தொடங்குகிறார்கள். தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்காது. ஒற்று மேல்வரியின் கடைசியிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, காற்புள்ளி. இரண்டு சொல்லுக்கு நடுவே காற்புள்ளி போட்டால் ஒற்றை எடுத்துவிட வேண்டும். "எங்கள் பகுதிக்குக், குடிநீர் வசதி" என்று மனுக்களில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் காற்புள்ளிதான் அங்கே வேண்டாதது. அதை எடுத்துவிட்டால் ஒற்று சரியாகிவிடும்.

## இருக்க வேண்டிய இடத்தில் ஒற்று இல்லை

மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். அந்தத் தேதியை ஒட்டி, தண்ணீர் வருமா வராதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் ஊர்ப் பக்கம் சுவரொட்டி வேலை கூடும். வருகிற வாசகம் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்:

"குறுவை சாகுபடிக்கு தண்ணீர் திறக்க கோரி மாபெரும் ஆர்ப்பாட்டம்"

ஒரே வரியில் மூன்று இடம் காலி. "குறுவைச் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கக் கோரி மாபெரும் ஆர்ப்பாட்டம்" என்று இருக்க வேண்டும். "கோரி"க்கு அடுத்து "மாபெரும்" வருகிறது, ம வரிசை, அங்கே கவலை இல்லை. "மாபெரும்" தாண்டி "ஆர்ப்பாட்டம்" உயிரெழுத்தில் தொடங்குகிறது, அங்கேயும் இல்லை. மூன்றில் "குறுவை சாகுபடி" என்று ஒற்றில்லாமல் எழுதுவது செய்தித்தாள்களிலேயே பழகிவிட்டது. விவசாயச் சங்கத்துக்காரர் அப்படித்தான் வேண்டும் என்று நின்றால் நான் வாதாடுவதில்லை. மற்ற இரண்டையும் விட்டுக்கொடுப்பதில்லை. "சாகுபடிக்கு தண்ணீர்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தானாகவே த்-ஐ அழுத்தும்.

இதற்குக் காரணங்களை மலிவானதிலிருந்து பார்ப்போம்.

விசைப்பலகையாக இருக்கலாம். தமிழ்99 முறையில் ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். "பக்கம்", "தத்தை" எல்லாம் அப்படித்தான் வேகமாக அடிக்கிறோம். நடுவில் இடைவெளி வந்தால் அந்த வசதி கிடையாது. "சாகுபடிக்குத்" என்று முடிக்க, த தட்டிய பிறகு எஃப் விசையைத் தனியாகத் தட்டிப் புள்ளி வைக்க வேண்டும். வேகமாக அடிக்கும் பிள்ளைகள் சொல்லுக்கு உள்ளே ஒற்றைச் சரியாகப் போட்டுவிட்டு, சொல்லின் கடைசியில் மட்டும் விடுவதற்கு இதுதான் காரணம். அவர்களுக்கு இலக்கண வகுப்பு எடுத்துப் பயனில்லை, விரலைப் பழக்க வேண்டும்.

அடுத்தது, வாட்ஸ்அப்பில் வந்த வாசகம். வாடிக்கையாளர் கைப்பேசியில் பேசி, அது எழுத்தாக மாறி, அப்படியே நமக்கு வந்திருக்கும். பேசி எடுத்த எழுத்தில் சொற்களுக்கு இடையே உள்ள ஒற்று பெரும்பாலும் விழாது. ஒட்டியதும் எல்லா இடத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம்தான் எழுதியவருக்குத் தெரியாதது. அதற்குப் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு, அழைப்பிதழ் வேலைக்கு இவை போதும்.

அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி: இவற்றுக்குப் பின்னால் மிகும். அந்தத் தெரு, இந்தச் சந்து, எப்படிப் போவது.

ஐ, கு இரண்டும் சொல்லின் கடைசியில் வெளிப்படையாகத் தெரிந்தால் மிகும். பிள்ளையாரைக் கும்பிட்டு, கோயிலுக்குப் போய், மணமக்களைச் சிறப்பாக வாழ்த்தி.

வினைச்சொல் இகரத்தில் முடிந்து அடுத்த வினையோடு சேர்ந்தால் மிகும்: வாழ்த்திப் பேசினார், தேடிச் சென்றார். அகரத்தில் முடிந்தாலும் அப்படியே: வரச் சொன்னார், திறக்கக் கோரி. "ஆக" என்று முடிந்தாலும் மிகும்: சிறப்பாகக் கொண்டாட, இனிதாகத் தொடங்க. "என" என்பதற்கும் உண்டு: எனக் கூறினார். ஆனால் "என்று" என்பதற்கு இல்லை: என்று கூறினார். இந்த இரண்டையும் குழப்பி "என்றுக் கூறி" என்று எழுதி வருபவர்கள் நிறைய.

தெருப் பெயர்களையும் பாருங்கள். வடக்குத் தெரு, தெற்குத் தெரு, கிழக்குத் தெரு, மேற்குத் தெரு நான்கிலும் த் உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போகிற சாலை "கிழக்குக் கடற்கரைச் சாலை", இரண்டு ஒற்று. கோயில் நோட்டீஸில் கடைசி வரியாக வரும் "இப்படிக்கு, ஊர் பொதுமக்கள்" என்பதும் "ஊர்ப் பொதுமக்கள்" என்றுதான் இருக்க வேண்டும்.

ஊர்ப் பெயருக்குள் வரும் ஒற்றை விதி வைத்துத் தீர்மானிக்காதீர்கள். "திருத்துறைப்பூண்டி" என்பதை "திருதுறைபூண்டி" என்று இரண்டு ஒற்றையும் விட்டு எழுதினால் பிழை. அதே சமயம் "மன்னார்குடி"யைத் திருத்துகிறேன் என்று க் சேர்க்கக் கூடாது, அந்த ஊர் அப்படித்தான் எழுதப்படுகிறது. ஆள் பெயரும் அப்படித்தான். ஒருவர் "முத்துகுமார்" என்று எழுதிக் கொடுத்தால் ஆதார் அட்டையில் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் பெயரைத் திருத்த நமக்கு உரிமை கிடையாது.

## வேண்டாத இடத்தில் ஒற்று முளைத்திருக்கிறது

இதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. ஒற்றை விடுபவர்கள் தெரியாமல் விடுகிறார்கள். சேர்ப்பவர்கள் தெரிந்த மாதிரி சேர்க்கிறார்கள், திருத்தினால் சண்டைக்கும் வருகிறார்கள்.

டெல்டாவில் இதற்கு நிலையான இரண்டு உதாரணம் உண்டு: "பெரியக் கோயில்", "புதியப் பேருந்து நிலையம்". சுற்றுலா வண்டியின் பின்கண்ணாடியில், தங்கும் விடுதிப் பலகையில், ஆட்டோ நிறுத்தத்தில் என்று எங்கும் பார்க்கலாம். பெரிய, சிறிய, புதிய, பழைய, நல்ல, வந்த, செய்த, நடந்த என்று பெயருக்கு முன்னால் வந்து அதை விளக்கும் சொற்கள் எதற்குப் பின்னாலும் ஒற்று வராது. பெரிய கோயில். புதிய பேருந்து நிலையம். பழைய சோறு. நடந்த கதை.

வேடிக்கை என்னவென்றால், "தஞ்சைப் பெரிய கோயில்" என்று எழுதும்போது தஞ்சைக்குப் பின்னால் ப் வேண்டும், பெரியவுக்குப் பின்னால் க் வேண்டாம். பலகைகளில் பெரும்பாலும் தலைகீழாக "தஞ்சை பெரியக் கோயில்" என்று இருக்கும். யாரோ ஒருவர் இந்த வரியில் ஒரு ஒற்று உண்டு என்று சரியாகச் சொல்லி, எழுதியவர் அதைத் தவறான இடத்தில் வைத்தது போல.

"புதிய" என்பதற்கு இல்லாத ஒற்று "புது" என்பதற்கு உண்டு. புதுப் பேருந்து நிலையம், புதுக்கடை, புதுச்சேரி, புதுத்தெரு. வாடிக்கையாளர் "புது"வை "புதிய" என்று மாற்றச் சொன்னால் ஒற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும். பிழை நுழைவது இங்கேதான்.

அடுத்து வினைச்சொல். "வந்துச் சிறப்பித்து", "நின்றுப் போனது", "செய்துக் கொடுத்தார்" என்று வரும். இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். கடைசி எழுத்துக்கு முந்தைய புள்ளி எழுத்தைப் பாருங்கள். த்து, ட்டு, ற்று என்று வல்லின மெய் நின்றால் ஒற்று மிகும்: எடுத்துச் சென்றார், கேட்டுக்கொள்கிறோம், விற்றுத் தீர்ந்தது. ந்து, ண்டு, ன்று, ய்து என்று மற்ற மெய் நின்றால் மிகாது: வந்து சேர்ந்தார், கண்டு களித்தார், நின்று போனது, பெய்து தீர்த்தது. இந்த வழி வினைச்சொல்லுக்கு மட்டும். பெயர்ச்சொல்லில் மருந்துக் கடை, இரும்புக் கடை, பாம்புப் புற்று என்று மிகும்.

"வருகை தருமாறுக் கேட்டுக்கொள்கிறோம்." அழைப்பிதழின் கடைசி வரியில் இதைப் பார்க்காத வாரம் கிடையாது. வினையோடு மாறு, வாறு, படி சேர்ந்து முடிந்தால் ஒற்று இல்லை. வருகை தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அழைத்தபடி சென்றார்.

எண்களில் எட்டு, பத்து இரண்டையும் நினைவில் வைத்தால் போதும். எட்டுப் பேர், பத்துப் பாத்திரம், பதினெட்டுப் படி. ஐந்து பேர், ஆறு தெரு, ஏழு கன்னியர், ஒன்பது கோள் எல்லாம் ஒற்றில்லாமல். சில, பல என்பவற்றுக்கும் இல்லை: பல கோயில்கள். எனது, அவருடைய என்பவற்றுக்கும் இல்லை: எனது கடை, அவருடைய தம்பி. தஞ்சாவூரிலிருந்து புறப்பட்டு, குடும்பத்தோடு கலந்துகொண்டு என்பவற்றிலும் இல்லை. வாழ்க, வருக என்று வாழ்த்தினால் இல்லை: வாழ்க தமிழ், வருக தலைவரே.

ஊறுகாய் பாட்டில் ஒட்டுத்தாளில் "ஊறுக்காய்" என்று ஒரு க் அடிக்கடி நுழையும். ஊறுகாய், சுடுசோறு, குடிதண்ணீர் மூன்றிலும் வேண்டாம். வெற்றிலைபாக்கு, தாய்தந்தை, காய்கறி என்று இரண்டு பொருளைச் சேர்த்துச் சொல்லும்போதும் வேண்டாம். ஆனால் அந்தக் காய்கறியை விற்கும் இடம் "காய்கறிக் கடை".

## இரண்டு விதமாகவும் எழுதலாம், பொருள்தான் வேறு

இதுதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம். இங்கே பிழை கண்ணுக்குத் தெரியாது, திருத்தும் மென்பொருளும் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான தமிழ்.

"கீரை கடை" என்று பலகை எழுதினால், கீரையை மத்தால் கடை என்று யாருக்கோ வேலை சொல்வதாகிறது. விற்கும் இடம் "கீரைக் கடை". "மோர் கடை" என்றால் மோரைக் கடையச் சொல்வது, பந்தல் போட்டு விற்றால் அது "மோர்க் கடை". "மருந்து கடை", "மருந்துக் கடை" இரண்டுக்கும் அதே கதை. "பொய் சொல்" என்றால் பொய் பேசச் சொல்வது, "பொய்ச்சொல்" என்றால் பொய்யான சொல். "தந்த பலகை" யாரோ கொடுத்த பலகை, "தந்தப் பலகை" யானைத் தந்தத்தால் செய்தது. கோயிலுக்கு உபயமாகக் கொடுத்த பலகையில் இரண்டாவதை எழுதிவிட்டால் வனத்துறை வந்து கேட்கும் என்று கடையில் சிரித்துக்கொள்வோம்.

பார்க்க வேண்டியது: முதல் சொல்லுக்குப் பின்னால் "ஐ" சேர்த்துப் படித்தால் பொருள் பொருந்துகிறதா, அதோடு அடுத்த சொல் வேலையைக் குறிக்கிறதா? இரண்டும் ஆம் என்றால் ஒற்று வேண்டாம். துணி தைத்தார், மாலை போட்டார், தமிழ் கற்றார். ஐ-யை எழுத்தில் வெளிப்படையாகப் போட்டுவிட்டால் ஒற்றும் கூடவே வரும்: துணியைத் தைத்தார், மாலையைப் போட்டார், தமிழைக் கற்றார். இரண்டும் கலந்து "மாலைப் போட்டு" என்று வந்தால் பிழை.

நெல்லுக்கு இங்கே தனிக்கதை. "நெற்களஞ்சியம்" என்று தஞ்சாவூரைச் சொல்வோம், ல் ற் ஆகிறது. அதே ஊரில் விவசாயி மூட்டையோடு காத்திருக்கும் இடம் "நேரடி நெல் கொள்முதல் நிலையம்", அங்கே ல் ல் ஆகவே இருக்கிறது. நெல்லைக் கொள்முதல் செய்வது என்பதால் அது மாறாமல் நிற்கலாம். இரண்டில் எதையும் "நெல்க்" என்று எழுத முடியாது. ல், ள், ன், ண் இந்த நான்கில் முடியும் சொல்லுக்குப் பின்னால் க், ச், த், ப் ஒட்டாது. மாறினால் ற், ட் ஆக மாறும், இல்லையென்றால் அப்படியே இருக்கும்.

இந்தப் பகுதியில் சந்தேகம் வந்தால் இலக்கண நூலைத் தேடுவதற்கு முன் வாடிக்கையாளரைக் கேளுங்கள். "அண்ணே, இது விக்கிற இடமா, செய்யிற வேலையா?" என்று ஒரு கேள்வி போதும்.

## சொல்லுக்குள்ளேயே ஒற்று அதிகம்

"பயிற்ச்சி மையம்", "முயற்ச்சி திருவினையாக்கும்", "கட்ச்சி நிர்வாகிகள்". தமிழ்ச் சொல்லில் ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வரவே வராது. பயிற்சி, முயற்சி, கட்சி, காட்சி, கற்பு. இதைக் கண்டுபிடிக்க எழுத்தைத் தேடும் வசதியில் "ற்ச்", "ட்ச்", "ற்ப்" என்று போட்டுத் தேடினாலே மொத்தமும் வந்து நிற்கும்.

இதற்கு நேர்மாறாக ய், ர், ழ் மூன்றுக்கும் பின்னால் ஒற்று வரலாம். வளர்ச்சி, மகிழ்ச்சி, நிகழ்ச்சி, தேர்ச்சி. "மகிழ்சி" என்று விட்டால் அதுவும் பிழை.

## "வாழ்த்துக்கள்" என்று போட்டதற்குச் சண்டை

பிறந்த நாள், காதணி, பூப்புனித நீராட்டு எதுவானாலும் ஃபிளெக்ஸில் பெரிதாக வருவது இந்தச் சொல்தான். கள் என்பது பன்மைக்கான ஒட்டு, அதற்கு முன்னால் வாழ்த்து, கருத்து போன்ற சொற்களில் ஒற்று வேண்டாம் என்பது ஒரு தரப்பு. க் போட்டால் குடிக்கிற கள்ளாகிவிடும் என்று அவர்கள் கேலியும் செய்வார்கள். "எழுத்துக்கள்" என்று பழைய உரைகளிலேயே இருக்கிறதே என்பது மறு தரப்பு. நான் "வாழ்த்துகள்" என்றுதான் அடிக்கிறேன். வாடிக்கையாளர் க் கேட்டால் போட்டுக் கொடுக்கிறேன். இதற்காக ஆளைக் கூப்பிட வேண்டாம், இரண்டு புலவரைக் கூப்பிட்டால் இரண்டு பதில் வரும்.

சண்டையே இல்லாத இடங்களும் உண்டு. பூக்கள், ஈக்கள், பசுக்கள், தெருக்கள் இவற்றில் க் கட்டாயம். "தெருகள்" என்று யாராவது எழுதினால் தாராளமாகத் திருத்துங்கள்.

## திரையில் சரி, அச்சில் புள்ளி காணோம்

வாசகத்தில் பிழை இல்லை, வெட்டுகிற, அடிக்கிற வேலையில் பிழை. இங்கே செலவு ஏறத் தொடங்கும்.

முதலில் ஸ்டிக்கர் வெட்டும் வேலையைப் பாருங்கள். எழுத்தை வினைலில் வெட்டியதும் வேண்டாத பகுதியை ஊசியால் உரித்தெடுப்போம். ஒற்றின் புள்ளி எழுத்தோடு ஒட்டாத தனித் துண்டு, இருப்பதிலேயே சிறியது. உரிக்கும் கையோடு அதுவும் வந்துவிடும். வண்டிக் கண்ணாடியில், கடைக் கதவில் "அந்தக" என்று மொட்டையாக நிற்பதெல்லாம் இப்படித்தான். புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி வெட்டுங்கள், உரித்ததும் திரையில் உள்ள புள்ளிகளையும் கையில் உள்ளவற்றையும் எண்ணிப் பாருங்கள். அக்ரிலிக் எழுத்து, விளக்கெழுத்துப் பலகைக்கும் இதே கவனம் வேண்டும். ஒரு மழைக்காலம் போனால் முதலில் உதிர்வது புள்ளிதான்.

எழுத்துக்குப் பதிலாகப் புள்ளிக்கோட்டு வட்டம் தெரிந்தால், புள்ளி தன் மெய்யை இழந்துவிட்டது என்று பொருள். நடுவில் ஒரு இடைவெளி நுழைந்திருக்கும், அல்லது பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது ஓரெழுத்து விழுந்திருக்கும். அந்த எழுத்தையும் புள்ளியையும் சேர்த்து அழித்துத் திரும்ப அடியுங்கள்.

புள்ளி அடுத்த எழுத்தின் மேல் போய் உட்கார்ந்தாலோ, கொம்பு, கால் எல்லாம் சிதறிக் கிடந்தாலோ வடிவமைப்பு மென்பொருளுக்கு யூனிகோடு தமிழை அடுக்கத் தெரியவில்லை. ஃபோட்டோஷாப், இன்டிசைன் போன்றவற்றில் பல மொழி எழுத்தமைப்புக்கான அமைப்பு ஒன்று உண்டு, அதை மாற்றினால் சரியாகும். மிகப் பழைய பதிப்பு வைத்திருந்தால் புதிது வாங்குவதுதான் வழி.

## பலகையின் ஆங்கில வரியில் தலைக்கு மேல் ஒரு காற்புள்ளி

கடைப் பலகையில் தமிழ்தான் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அதன் கீழே ஒரு ஆங்கில வரியும் வரும், அதில் அப்பாஸ்ட்ரபி. ஆங்கிலத்துக்கு அது ஒற்று மாதிரியே தலைவலி.

எஸ் வரும் இடமெல்லாம் அதைப் போடுகிறார்கள். பன்மைக்கு அது கிடையாது. வெஜிடபிள்ஸ், ஸ்வீட்ஸ், மொபைல்ஸ் எதற்கும் வேண்டாம். ஒருவருக்கு உரியது என்று சொல்லும்போது மட்டும் வரும்: குமார்'ஸ் கஃபே. உரியவர் ஒருவர் என்றால் எஸ்ஸுக்கு முன்னால், எஸ் சேர்ந்த பன்மை என்றால் எஸ்ஸுக்குப் பின்னால்: டீச்சர்'ஸ் ரூம் ஓர் ஆசிரியருடையது, டீச்சர்ஸ்' ரூம் எல்லா ஆசிரியருக்கும் உரியது. "இட்ஸ்" ஒரு விலக்கு. "அதனுடைய" என்ற பொருளில் குறி கிடையாது, "இட் இஸ்" என்பதன் சுருக்கமாக வந்தால் உண்டு.

ஆங்கில வரியில் திடீரென்று ஒரு ய வந்து நின்றால் பயப்பட வேண்டாம். விசைப்பலகை தமிழ்99 முறையிலேயே இருக்கிறது, அதில் அந்தக் குறியின் விசையில் இருப்பது ய. மொழியை மாற்றி அடித்தால் போதும். ஆண்டைச் சுருக்கி '85 என்று போடும்போது மென்பொருள் குறியைத் திருப்பி வைத்துவிடும். குறியின் வால் ஒன்பதைப் போல் வளைய வேண்டும், ஆறைப் போல் அல்ல.

## எப்போது தெரிந்தவரிடம் கொடுப்பது

ஃபிளெக்ஸ், நோட்டீஸ், சுவரொட்டிக்கு மேலே சொன்னவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கூடுதலாக, இணையத்தில் நாவி என்ற சந்திப்பிழை திருத்தி இருக்கிறது, அதில் ஒரு முறை ஒட்டிப் பார்க்கலாம். அது சுட்டிக்காட்டுவதை எல்லாம் ஏற்க வேண்டாம், கீரை கடை போன்ற இடங்களில் அதற்கு உங்கள் மனதில் இருப்பது தெரியாது.

ஆஃப்செட்டில் பிளேட் போடும் வேலை, அதாவது கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், புத்தகம் என்றால் மெய்ப்பு பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பிளேட் போட்ட பிறகு ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்தப் பக்கத்துக்கு மறுபடி செலவு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். தஞ்சாவூரில் 1911இல் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கமும் 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன, அந்தப் பக்கம் விசாரித்தால் ஆள் கிடைப்பார். (இரண்டு பெயரிலும் உள்ள ஒற்றைக் கவனித்து எழுதிவிட்டு விசாரிக்கப் போங்கள்.)

செய்யுள் இருந்தால் நீங்களாக எதையும் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டாம். பழைய பாடல் என்றால் நல்ல அச்சுப் பதிப்பைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடிப்பது, புதிதாக எழுதிய திருமண வாழ்த்துப்பா என்றால் எழுதியவரையே பார்க்கச் சொல்வது. ஒரு ஒற்றை எடுத்தால் தளை, அதாவது செய்யுளின் ஓசைக்கட்டு, தட்டிவிடலாம், அப்புறம் அவர் நம்மை விடமாட்டார்.

பத்திரம், மனு, நீதிமன்றத் தாள் போன்றவற்றில் வழக்கறிஞரோ பத்திர எழுத்தரோ கொடுத்த வாசகத்தை அவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கல்வெட்டு எல்லாவற்றிலும் கடைசி. திருப்பணி உபயதாரர் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டியபின் விட்டுப்போன ஒற்றை நுழைக்க இடம் இருக்காது, கூடுதலான ஒற்றை அழித்தால் பள்ளம் தெரியும். வெட்டுபவரிடம் போகும் முன் வாசகத்தைக் கல்லின் அளவிலேயே தாளில் அடித்து, தமிழ் தெரிந்த ஒருவரிடமும் உபயதாரர் வீட்டிலும் காட்டி, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கல்லில் வரைந்து முடித்ததும், உளி வைக்கும் முன், அந்தத் தாளைப் பக்கத்தில் பிடித்துப் புள்ளிகளை மட்டும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.